இரண்டாவது வினா

1893-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16-ஆம் நாள், கல்கத்தாவில் கூடிய வைசிராயின் சட்டமன்றத்தில் பிங்கா மன்னர் எழுந்து ஒரு வினாவை விடுத்தார். சுற்றுப்பயணம் செல்லும் அரசு அலுவலர்களுக்குப் பொருள்கள் வழங்க வேண்டியிருப்பதால் சிற்றூர்க் கடைக்காரர்கள் படும் இன்னலைப் பற்றியது அவ்வினா. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய உரிமையின்படி இந்தியச் சட்டமன்றத்தில் ஆட்சியாளரை நோக்கி எழுப்பப்பெற்ற முதல் வினா அதுவேயாகும்.

பேரரசின் எல்லை, படைச் செலவு, அயல்நாட்டு உறவு போன்ற பெரும்பொருள் எதனையும் அவ்வினா தொடவில்லை. ஊர்க்கோடியில் இருந்த சிறு கடையும், அதன் முன் வந்து நின்ற அதிகாரியுமே அதன் பொருள். வினாவை எழுப்பியவரோ அயோத்திப் பகுதியின் பெருநிலக்கிழார். ஏழை மக்களின் வாக்கைப் பெற்று மன்றம் புகுந்தவர் அல்லர். எனினும் ஆட்சியின் தன்மையை மக்கள் உணர்வது இத்தகைய சிறு இடங்களில்தான் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

வினாத் தொடுக்கும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1721-ஆம் ஆண்டில் தென்கடல் குழுமம் என்னும் வாணிக நிறுவனம் சரிந்தபோது, அதன் காசாளர் நாட்டைவிட்டு ஓடிப் பிரசல்ஸ் நகரில் பிடிபட்டார் என்று பேச்சு எழுந்தது. அஃது உண்மைதானா எனப் பிரபுக்கள் அவையில் கௌபர் பிரபு அமைச்சரை வினவினார். அந்நாட்டு நாடாளுமன்றக் குறிப்புகளில் காணப்படும் முதல் வினா இதுவென்பர். பிறர் பணத்தைக் கையாண்டவர் என்ன ஆனார் என்பதில் தொடங்கிய அவ்வழக்கம், ஆளப்பட்ட நாட்டிற்கு வந்து சேர ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின.

இடையில் ஒரு முறை வாய்ப்பு வந்து கைநழுவியதும் உண்டு. 1853-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மன்றத்தில் இருந்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகளும் நீதிபதிகளுமே. ஆயினும் அவர்கள் தம்மை ஒரு சிறு நாடாளுமன்றமாகவே கருதிக்கொண்டனர். ஆட்சித்துறையிடம் விளக்கம் கேட்டனர். மைசூர் இளவரசர்களுக்கு அளிக்கப்பட்ட பணத்தைப் பற்றியும் வினவத் தலைப்பட்டனர். அரசு இதனைப் பொறுக்கவில்லை. 1861-இல் வந்த புதுச் சட்டம், முன்னிலையில் உள்ள சட்ட முன்வரைவைத் தவிர வேறெதனையும் மன்றத்தில் பேசலாகாது என்று வரம்பு கட்டியது. தம் இனத்தவரான நீதிபதிகள் கேட்ட கேள்வியையே தாங்காத ஆட்சி, இந்தியர் கேட்பதை எளிதில் ஏற்குமா? முப்பது ஆண்டுகள் மன்றம் வாய்மூடியிருந்தது.

1892-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு சாளரங்களைத் திறந்தது. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின்மீது உறுப்பினர் கருத்துரைக்கலாம். ஆனால் வாக்களிக்க இயலாது. பொதுநலன் பற்றி வினா எழுப்பலாம். ஆனால் ஆறு நாள்களுக்கு முன்னரே எழுதிக் கொடுத்தல் வேண்டும். வினாவில் வாதமோ, ஊகமோ, பழிச்சொல்லோ இருத்தல் கூடாது. தலைவர் விரும்பின் காரணம் கூறாமலே மறுத்துவிடலாம். இவை யாவற்றினும் கடுமையான விதி ஒன்றிருந்தது. விடை கிடைத்தபின் அவ்விடையைப் பற்றி எதுவும் பேசுதல் கூடாது. தொடர்ந்து மற்றொரு வினா எழுப்பவும் கூடாது.

இவ்விதியின் கூர்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுதிக் கொடுத்த வினாவிற்கு விடை எழுதுபவர் பெரும்பாலும் அமைச்சரோ ஆட்சிக்குழு உறுப்பினரோ அல்லர். அலுவலகத்தில் கோப்பைத் தேடி, சொல்லை அளந்து, தீங்கு வராத வகையில் ஓர் எழுத்தர் எழுதுவார், மேலதிகாரி திருத்துவார், மன்றத்தில் ஒருவர் படிப்பார். முதல் விடை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் முழு உண்மையாகவும் இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது வினாவே விடையளிப்பவரைத் தாளிலிருந்து தலைநிமிர வைக்கிறது. ஒரு துறை எவ்வாறு நடக்கிறது என்பதை அதன் தலைவர் தாமே அறிந்திருக்கிறாரா என்பது அப்போதுதான் வெளிப்படும். வகுப்பறையில் மனப்பாடம் செய்து ஒப்பித்த மாணவனை ஆசிரியர் எவ்வாறு கண்டுகொள்கிறாரோ, அவ்வாறே இதுவும். 1892-ஆம் ஆண்டின் விதிகளை வகுத்தோர் இதனை நன்கு அறிந்தே இரண்டாவது வினாவைத் தடுத்தனர் எனலாம்.

இரண்டாவது வினாவிற்கு வழியில்லாத அக்காலத்தில், மற்றொரு சாளரமாகிய வரவு செலவு விவாதத்தைப் பயன்படுத்தியவர் கோபால கிருஷ்ண கோகலே. அவர் புனே ஃபெர்குசன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பள்ளி மாணவர்க்குக் கணித நூல் எழுதியவர். 1897-இல் இலண்டன் சென்று, இந்தியச் செலவினத்தை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் சான்றளித்தவர். 1902-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், கர்சன் பிரபு தலைமை வகித்த மன்றத்தில் அவர் தம் முதல் வரவு செலவு உரையை நிகழ்த்தினார். அதற்குத் தேவையான புள்ளிவிவரங்களைத் திரட்டுவதில் அவருக்குத் துணை நின்றவர் கணேஷ் வெங்கடேஷ் ஜோஷி என்னும் பொருளியல் அறிஞர். அவரும் ஓர் ஆசிரியரே.

அவ்வாண்டு அரசின் கணக்கில் மிச்சம் காட்டப்பட்டிருந்தது. மற்ற உறுப்பினர் பலரும் அதனைப் பாராட்டினர். கோகலே அதனையே குற்றமாகக் காட்டினார். வெள்ளி நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தமையால், இங்கிலாந்திற்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகையின் சுமை முன்பு கூடியிருந்தது. அதனை ஈடுகட்டவே வரிகள் உயர்த்தப்பட்டன. உப்புவரியும் 1888-இல் மணங்கிற்கு இரண்டு ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. பின்னர் நாணயச் சாலைகள் மூடப்பட்டு, ரூபாயின் மதிப்பு 16 பென்சு அளவில் நிலைநிறுத்தப்பட்டது. சுமை குறைந்தது, வரியோ குறையவில்லை. ஆகவே மிச்சம் என்பது நாட்டின் செழிப்பைக் காட்டவில்லை. குடிகளிடமிருந்து தேவைக்கு மேல் வாங்கியதையே காட்டுகிறது என்பது அவர் வாதம். பஞ்சமும் கொள்ளைநோயும் நாட்டை வருத்திய ஆண்டுகள் அவை என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

அவர் கையில் வாக்கு இல்லை. ஆயினும் அவர் எடுத்துக்காட்டிய எண்கள் யாவும் அரசின் ஏடுகளிலிருந்தே வந்தவையாதலின் மறுப்பதற்கு எளிதாக இல்லை. 1903-இல் உப்புவரி இரண்டு ரூபாயாகவும், 1905-இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-இல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. இம்மாற்றம் கோகலே ஒருவரால் மட்டும் விளைந்தது என்று கூறுதல் மிகையாகும். உப்புவரியை எதிர்த்த குரல்கள் நெடுநாளாகவே ஒலித்தன. ஆனால் ஆளும் தரப்பின் கணக்கைக் கொண்டே ஆளும் தரப்பை வினவும் முறையை அவர் கற்றுக்கொடுத்தார்.

1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், முதல் வினாவைக் கேட்ட உறுப்பினர் மட்டும் துணை வினா கேட்கலாம் என்ற நிலை வந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1921-இல் புதிய மன்றம் கூடியபோது, எந்த உறுப்பினரும் துணை வினா கேட்கும் உரிமை பெற்றனர். அமர்வின் முதல் ஒரு மணி நேரம் வினாக்களுக்கென ஒதுக்கப்பட்டது. வாய்மொழி விடை வேண்டும் வினாக்களுக்கு உடுக்குறி இடும் வழக்கமும் அவ்வாண்டே தொடங்கியது. இன்றும் இந்திய நாடாளுமன்றத்தில் உடுக்குறியிட்ட வினாவிற்கு மட்டுமே துணை வினா உண்டு. மற்றவற்றிற்கு எழுத்தில் விடை வரும்.

இவ்வுரிமையைக் கையாண்டு பெயர் பெற்றவர்களுள் தமிழர் ஒருவர் தனித்து நிற்கிறார். புதுக்கோட்டைச் சீமையின் திருமயத்தில் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி, 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னையிலிருந்து மத்திய சட்டமன்றத்திற்குத் தெரிவு செய்யப்பட்டார். அங்குக் காங்கிரசுக் கட்சியின் துணைத் தலைவராகவும் விளங்கினார். வினா நேரத்தில் அவர் அடுக்கிய துணை வினாக்கள் ஆட்சிக்குழு உறுப்பினர்க்குத் தலைவலியாக இருந்தன. மேடைப் பேச்சில் வல்லவர் என்றே தமிழ்நாடு அவரைப் பெரிதும் போற்றுகிறது. டில்லி மன்றத்திலோ நீண்ட உரையைவிட ஒருவரிக் கேள்வியே அவருக்குப் பெரும்பயன் தந்தது என்று தோன்றுகிறது. நிதிக் கோரிக்கையை மன்றம் மறுத்தாலும் வைசிராயின் அரசு அதனை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் பெற்றிருந்த காலம் அது. வாக்கு வெல்லாத இடத்தில் வினா சென்று தைத்தது.

மலாயாத் தமிழர் வரலாறும் இதனோடு ஓரிடத்தில் வந்து கலக்கிறது. 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், பயிற்சியற்ற தொழிலாளரை எந்த நாட்டிற்கு அனுப்புவதாயினும் மத்திய மன்றத்தின் ஈரவைகளும் இசைவு தருதல் வேண்டும் என்று விதித்தது. கோலாலம்பூரில் இந்திய அரசின் முகவர் ஒருவர் அமர்ந்தார். தோட்டத் தொழிலாளரின் கூலி, குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றைப் பற்றி அவர் ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழர்க்கு எந்த மன்றத்திலும் வாக்கு இல்லை. அவர்தம் நிலையை டில்லியில் கேட்க விரும்பியவர்க்கு அவ்வறிக்கையே கைப்பொருள். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் நேரில் வந்து ஆராய்ந்ததும், 1938-ஆம் ஆண்டு சூன் திங்களில் உதவிபெற்ற குடிபெயர்வுக்கு இந்திய அரசு தடை விதித்ததும் அந்நெடிய தொடர்ச்சியில் நிகழ்ந்தவையே.

அறிக்கை இன்றி வினா இல்லை. அதிலும் செலவைப் பற்றிய வினாவிற்குத் தணிக்கை செய்த கணக்கு வேண்டும். தமிழர்க்கு இஃது அயலான எண்ணம் அன்று. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் இடலாகாது என்று கூறுகின்றன. அவர்தம் உறவினர்க்கும் அத்தடை உண்டு. கணக்குக் காட்டாதவனின் மாமனும் மைத்துனனும்கூட மன்றம் ஏற முடியாது என்ற கடுமை இக்காலத்தவரைத் திகைக்க வைக்கும்.

இந்தியாவில் பொதுக் கணக்குக் குழு 1921-இல் அமைந்தது. ஆனால் அதன் தலைவராக இருந்தவர் நிதித்துறையைக் கவனித்த ஆட்சிக்குழு உறுப்பினரே! கணக்குக் காட்ட வேண்டியவரே கணக்குக் கேட்கும் இருக்கையில் அமர்ந்தார். இவ்விந்தை நிலை அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 வரை நீடித்தது. அதன்பின் குழு நாடாளுமன்றத் தலைவரின் மேற்பார்வைக்கு வந்தது. மதிப்பீட்டுக் குழு என்னும் மற்றொரு குழுவும் அவ்வாண்டே அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் தோன்றியது. எதிர்க்கட்சியினர் ஒருவரைப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக்கும் மரபு 1967-இல் மினு மசானியுடன் தொடங்கியது.

உரிமை, நேரம், ஏடு ஆகிய யாவும் கைக்கு வந்தபின், அவற்றைக் கொண்டு என்ன செய்ய இயலும் என்பதை 1957-ஆம் ஆண்டு காட்டியது. அதற்கு முதற்காரணமானவர் இரேபரேலித் தொகுதியின் உறுப்பினர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சிக்காரர், தலைமையமைச்சர் நேருவின் மருமகன். 1955-ஆம் ஆண்டு டிசம்பரில், தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களில் மக்கள் பணம் எவ்வாறு முறைகேடாகக் கையாளப்பட்டது என்பதை மக்களவையில் விரித்துரைத்தார். அடுத்த மாதமே அரசு அத்தொழிலைத் தன்வயப்படுத்தியது. 245 நிறுவனங்களும் சேமநிதிக் கழகங்களும் ஒன்றிணைக்கப்பட்டு, 1956 செப்டம்பர் 1-ஆம் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. தாம் வாதாடிப் பெற்ற நிறுவனம் ஓராண்டிற்குள்ளாகவே தவறியதாக ஐயம் எழுந்தபோது, வாளாவிருக்க அவரால் இயலவில்லை.

1957 சூன் திங்களில் அக்கழகம் அரிதாஸ் முந்த்ரா என்னும் கல்கத்தா வணிகருக்குத் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. அவ்வணிகரோ அப்போது கடும் பண நெருக்கடியில் இருந்தார். முதலீடுகளை ஆராயவென்றே கழகத்தில் ஒரு குழு இருந்தது. அதனிடம் முன்னதாகக் கருத்துக் கேட்கப்படவில்லை. சில பங்குகளுக்குச் சந்தை விலையினும் மிகுதியாகப் பணம் தரப்பட்டது. அப்பணம் யாருடையது? விதவைக்கும் பிள்ளைக்கும் ஏதேனும் மிஞ்சட்டும் என்று மாதந்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்திய நடுத்தர மக்களுடையது.

இது தொடர்பாக இராம் சுபக் சிங்கும் பெரோஸ் காந்தியும் மக்களவையில் வினா எழுப்பினர். நவம்பர் 29-ஆம் நாள் கிடைத்த விடை அவைக்கு நிறைவளிக்கவில்லை. துணை வினாக்கள் தொடர்ந்தன. ஒவ்வொரு விடையும் மற்றொரு வினாவை ஈன்றது. டிசம்பர் 16-ஆம் நாள் முழு விவாதம் நடந்தபோது, பெரோஸ் காந்தி நாள்களையும் விலைகளையும் வரிசைப்படுத்திக் காட்டினார்; நிதியமைச்சர்க்கும் நிதித்துறைச் செயலாளர்க்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தையும் அவையில் வைத்தார். ஆளுங்கட்சி இருக்கையிலிருந்தே இக்குரல் எழுந்தமை அரசைத் திணற வைத்தது.

நிதியமைச்சராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியலமைப்பு வரைவுக் குழுவில் பணியாற்றியவர், கூர்த்த அறிவினர், நேருவின் நம்பிக்கைக்குரியவர். 1958 சனவரியில், பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா தனியொருவராக விசாரணை நடத்துமாறு அமர்த்தப்பட்டார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையிலேயே நடந்தது. கூட்டம் மண்டபத்தில் அடங்காமையால் வெளியே ஒலிபெருக்கிகள் வைக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதம் ஆகுமுன்னரே சாக்ளா விசாரணையை முடித்துப் பிப்ரவரி 10-ஆம் நாள் அறிக்கையும் அளித்துவிட்டார். ஆண்டுக்கணக்கில் இழுபடும் விசாரணை ஆணையங்களைக் கண்டு பழகியவர்க்கு இது கதை போலத் தோன்றும்.

தம் கீழ்ப் பணியாற்றும் அலுவலர் செய்ததற்கு அமைச்சரே நாடாளுமன்றத்தில் பொறுப்பேற்றல் வேண்டும், தமக்குத் தெரியாமல் நடந்தது எனக் கூறி விலகிக்கொள்ள இயலாது என்று சாக்ளா முடிவு கூறினார். அமைச்சர் தொடக்கத்திலேயே எல்லாச் செய்திகளையும் அவைமுன் வைத்திருத்தல் வேண்டும் என்றும் அவர் சுட்டினார். கிருஷ்ணமாச்சாரி அம்மாதமே பதவி விலகினார். இவ்விவகாரத்தில் அவர் பங்கு மிகச் சிறிது என்றே நேரு கருதினார். அக்கருத்தைப் புறந்தள்ளவும் இயலாது. பணம் எதுவும் அமைச்சர் கைக்குச் சென்றதாக விசாரணையில் வெளிப்படவில்லை. ஆனால் அவருக்கு இடர் விளைவித்தது பங்குக் கொள்முதல் மட்டுமன்று. முதல் வினாவிற்கே முழு விடை தந்திருந்தால் நிலைமை இவ்வளவு முற்றியிராது. 1962-இல் மீண்டும் அமைச்சரவையில் இடம்பெற்று, 1963 முதல் 1965 வரை அவர் மறுபடியும் நிதியமைச்சராக இருந்தார்.

இவ்விவகாரம் மற்றொரு சிக்கலையும் வெளிக்கொணர்ந்தது. அஞ்சல், இரயில் போன்ற துறைகளைப் பற்றி அமைச்சரை நேரே கேட்கலாம். சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்டுத் தனித்து இயங்கும் கழகத்தின் அன்றாடச் செயலைப் பற்றிக் கேட்கலாமா? கேட்டால் கழகத்தின் உரிமை கெடும். கேளாவிடின் மக்கள் பணத்திற்குக் காவல் இராது. இக்கேள்வி எளிதில் தீரக்கூடியதன்று. 1964-ஆம் ஆண்டில் பொதுத்துறை நிறுவனங்களுக்கென நாடாளுமன்றக் குழு ஒன்று அமைந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகமும் அதன் ஆய்வுக்கு உட்பட்டது.

அக்குழுவைக் காண பெரோஸ் காந்தி உயிருடன் இல்லை. 1960 செப்டம்பர் 8-ஆம் நாள் மாரடைப்பால் அவர் மறைந்தார். நாற்பத்தெட்டாம் வயது நிறைய நான்கு நாள்களே இருந்தன.

அவர் விட்டுச்சென்ற மற்றொன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். மன்றத்தில் உறுப்பினர் எதனையும் அச்சமின்றிக் கேட்கலாம். ஆனால் கேட்டதை நாளிதழ் அச்சிட்டால் வழக்கு வரக்கூடிய நிலை அப்போது இருந்தது. மன்றச் சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிடும் வினாவால் யாருக்கு என்ன பயன்? நாடாளுமன்ற நடவடிக்கைகளை நல்லெண்ணத்துடன் உள்ளவாறே வெளியிடும் இதழ்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை, தனி உறுப்பினராகவே கொண்டுவந்து 1956-இல் நிறைவேற்றச் செய்தவர் அவர். அதற்கு அடுத்த ஆண்டுதான் முந்த்ரா விவகாரம் வெடித்தது. நாடு முழுவதும் அவ்விவாதங்களை இதழ்களில் படித்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ஆம் ஆண்டில், அவர்தம் துணைவியார் இந்திரா காந்தியின் அரசு அச்சட்டத்தை நீக்கியது. 1977-இல் ஆட்சி மாறியபின் அது மீண்டும் சட்டமாயிற்று.